கண்ணின் காவலைக் கடக்கும் மருந்து

காளத்தி மலையிலே இறைவனது திருக்கண்ணில் உதிரம் பெருகக் கண்ட வேடர் திண்ணனார், எடுத்த எடுப்பிலேயே தம் கண்ணைப் பெயர்க்க முனைந்தாரல்லர். மலைச்சாரலெங்கும் ஓடித் தாம் அறிந்த பச்சிலைகளைப் பறித்து வந்து, பிழிந்து, அக்கண்ணிலே வார்த்தார். உதிரம் நிற்கவில்லை. அதன் பின்னரே அம்பைக் கையிலெடுத்தார். பெரிய புராணத்தைப் படிப்போர் கண்ணைக் கொடுத்த செய்தியை நினைவில் இருத்திக்கொண்டு பச்சிலையை மறந்துவிடுவது வழக்கம். கண் மருந்தைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கோ அப்பச்சிலையே பெரிதாகப் படுகின்றது. மருந்து கண்ணிலே விழுந்தது, நோயோ அசையவில்லை. இந்த அனுபவம் காளத்தி வேடர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

கொழும்பிலே கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழ்வோர் கண்ணை மறந்து வாழ முடியாது. சிவன் கோயிலுக்குச் செல்வோர் அறுபத்துமூவரில் ஒருவராகக் கண்ணப்பரை அறிவர். கொட்டாஞ்சேனையில் ஓங்கி நிற்கும் கத்தோலிக்கப் பேராலயமோ புனித லூசியாளின் பெயரைத் தாங்கியது. கண்ணோயால் வருந்துவோர் வேண்டிக்கொள்ளும் புனிதை அவர். ஒரு தட்டிலே இரு கண்களை ஏந்தியவராக ஓவியர்கள் அவரைத் தீட்டுவர். இவ்விரு சமயத்தாரும் வேண்டுதலை முடித்துக்கொண்டு ஈற்றில் சென்று சேரும் இடம் ஒன்றே: லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசியக் கண் வைத்தியசாலை. முன்னர் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை என வழங்கப்பட்ட அந்நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்கிருந்து திரும்பும் முதியோர் பலரின் கையில், சுண்டுவிரல் அளவான சிறு போத்தல் ஒன்று இருக்கும். அதிலுள்ள மருந்தில் எவ்வளவு, சேரவேண்டிய இடத்தைச் சேர்கின்றது?

விடை வியப்பூட்டுவது. நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் சேர்வதில்லை.

ஒரு துளியின் கதையைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம். இருபது துளி கூடினால் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர். எனவே போத்தலிலிருந்து விழும் துளியின் அளவு 50 மைக்ரோலீற்றர் வரை இருக்கும். இமைக்கும் விழிக்கும் இடையே இயல்பாக உள்ள கண்ணீர் 7 முதல் 10 மைக்ரோலீற்றர்தான். எவ்வளவு விரித்துப் பிடித்தாலும் அவ்விடம் 30 மைக்ரோலீற்றருக்கு மேல் கொள்ளாது. ஆகவே துளி விழுந்த கணமே அதன் ஒரு பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகின்றது. எஞ்சியதைக் கண் என்ன செய்கின்றது? அந்நியப் பொருள் ஒன்று வந்துவிட்டதென எண்ணிக் கண்ணீரைப் பெருக்குகின்றது. இமையைப் படபடவென அடிக்கின்றது. ஒவ்வொரு இமைப்பும் மருந்தை மூக்கோரமுள்ள நுண்துளைகளின் வழியே உள்ளே தள்ளும். அங்கிருந்து மூக்குக்குச் செல்லும் கால்வாய் ஒன்று உண்டு. கண்ணில் மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதாக நோயாளர் கூறுவது கற்பனையன்று. மருந்து உண்மையிலேயே தொண்டைக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும்.

இதனைக் கண்ணின் குறை என்று சொல்லலாகாது. புழுதியும் கிருமியும் நிறைந்த உலகிலே, ஈரமாயும் திறந்தும் இருக்கவேண்டிய உறுப்பு அது. வருவது நஞ்சா மருந்தா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒருங்கே விரட்டுகின்றது. வீட்டுக்காவலுக்கு வளர்த்த நாய் வைத்தியரையும் குரைத்து விரட்டுவது போன்றதுதான்.

கழுவப்படாமல் தப்பிய சிறு பங்குக்கும் வழி எளிதன்று. கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல் அமைந்த தெளிந்த படலத்தை விழிவெண்படலம் என்று மாணாக்கர் பாடநூலில் படித்திருப்பர். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அந்த அரை மில்லிமீற்றருக்குள் மூன்று முக்கியமான காவல்கள் உள்ளன. மேற்பரப்பிலுள்ள கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. எண்ணெயோடு ஒட்டும் இயல்புள்ள பொருள்களுக்கே அவை இடங்கொடுக்கும். அதன் கீழுள்ள தடித்த பகுதியோ நீர்ப்பாங்கானது; எண்ணெய்ப் பொருள் அங்கே தங்கித் தயங்கும். உட்புறத்தில் மீண்டும் எண்ணெய்ப் பாங்கான மென்படை. ஆகவே உட்செல்லும் மருந்து எண்ணெயிலும் கரையவேண்டும், நீரிலும் கரையவேண்டும். இரு வீட்டாருக்கும் நல்ல பிள்ளையாய் நடக்கும் மருமகளைத் தேடுவது போன்ற கருமம் இது.

இக்காவலை மனிதர் முதன்முதலாக வென்ற மருந்துகள் காட்டிலிருந்தே வந்தன. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுத்த சாரம் 1876ஆம் ஆண்டளவில், குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டளவில், பிரேசில் நாட்டுச் செடியொன்றின் இலையிலிருந்து கிடைத்த பைலோகார்ப்பின் அதனோடு சேர்ந்தது. பைலோகார்ப்பின் நூறாண்டு காலம் கோலோச்சியது என்றாலும், அதனைப் பாவித்தோர் பட்ட பாடு சிறிதன்று. நாளுக்கு நான்கு முறை விடவேண்டும். விட்டவுடன் கண்மணி ஊசித்துளையாய்ச் சுருங்கி உலகம் இருண்டுபோகும். கண்ணழுத்த நோயோ பெரும்பாலும் வலியில்லாமல் வருவது. பார்வை நரம்பை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தின்னும். தின்ற பகுதியை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. நோயால் வலியில்லை, மருந்தால் தொல்லை என்றிருந்தால் நோயாளர் எதனைக் கைவிடுவர்? மருந்தைத்தான். கைவிட்டதன் விலை சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

இதனைத் தீர்க்க 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அழகான உபாயம் ஒன்று விற்பனைக்கு வந்தது. இரு மெல்லிய தாள்களுக்கு இடையே பைலோகார்ப்பினை அடைத்து, கீழிமைக்குள் செருகிவிட்டால், ஒரு கிழமைக்கு அது தானே சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கும். அறிவுக்கு இசைந்த சாதனம். ஆனால் வாழ்க்கைக்கு இசையவில்லை. விலை அதிகம், முதியோருக்குச் செருகக் கைவராது, உறக்கத்தில் நழுவித் தலையணையில் விழுந்துவிடும். அது சந்தையை விட்டே மறைந்தது. 1978ஆம் ஆண்டில் வந்த திமோலோல் நாளுக்கு இருமுறை விட்டாற் போதும் என்ற நிலையை உண்டாக்கியது. ஆனால் மூக்குக் கால்வாயைப் பற்றி மேலே சொன்னோமல்லவா? அவ்வழியே இரத்தத்தில் கலந்த திமோலோல், ஈளை நோயுள்ளவருக்கு மூச்சுத் திணறலையும், சிலருக்கு இதயத் துடிப்பிலே தளர்ச்சியையும் உண்டாக்கியது. கண்ணில் விடும் ஒரு துளி நெஞ்சை அடைக்கும் என்பதை உலகம் அப்போது நன்கு கற்றுக்கொண்டது. இன்றும் இழுப்புள்ளவர்கள் அதனைக் கண் வைத்தியரிடம் சொல்லாமல் வரக்கூடாது.

1996ஆம் ஆண்டில் வந்த லற்றானோப்ரொஸ்ட் என்னும் மருந்தின் தந்திரம் சுவையானது. அது எண்ணெய் வேடம் பூண்டு வருகின்றது. விழிவெண்படலத்தின் மேற்காவலர் அதனைத் தம்மவரென்று எண்ணி உள்ளே விடுகின்றனர். உள்ளே நுழைந்ததும் அங்குள்ள நொதியங்கள் அவ்வேடத்தைக் களைந்துவிட, உண்மை மருந்து வெளிப்படுகின்றது. வேடமிட்ட ஒற்றன் கோட்டைக்குள் புகுந்த கதைதான். ஒரு நாளைக்கு ஒரே துளி, அதுவும் இரவில். நோயாளரின் வாழ்வை இவ்வளவு இலகுவாக்கிய மாற்றம் கண் மருந்துகளில் அரிது.

இனி மதுரைக்குச் செல்வோம். வைத்தியர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976ஆம் ஆண்டில் பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த நிலையம். கண்புரைச் சத்திரசிகிச்சையைப் பற்றியே பலரும் அதனைப் பேசுவர். நம் விடயத்துக்கு வேண்டியது அங்கே நடந்த வேறொரு சோதனை.

நெல் அறுக்கும்போதோ சூடடிக்கும்போதோ தாள் நுனி கண்ணிற் பட்டுக் கீறுவதுண்டு. குளிர்நாட்டு உழவனுக்கு இது பெரும்பாலும் ஆறிப்போகும். வெப்பநாட்டிலோ அக்கீறலில் பூஞ்சணம் புகுந்து விழிவெண்படலத்தைப் புண்ணாக்கிவிடும். ஏழை உழவர்களின் கண்ணைக் குடிக்கும் நோய் இது. தமிழ்நாட்டுக்கும் ஈழத்து வயல்களுக்கும் பொதுவானது. இதற்கென அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற துளி மருந்து 1978 முதல் ஒன்றே: நற்றாமைசின். அது நீரில் கரையாதது, வெண்ணிறத் துகளாகப் போத்தலின் அடியில் படியும், குலுக்கி விடவேண்டும். விழிவெண்படலத்துக்குள் ஆழமாகப் புகும் ஆற்றல் அதற்குக் குறைவு. பின்னர் வொரிகொனசோல் என்ற புதுமருந்து வந்தது. அதுவோ கண்ணுக்குள் தடையின்றிப் புகுவது. புகுவதே கண் மருந்தின் பெருங்குறை என்றிருக்க, புகும் மருந்து வென்றுவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பல்லவா? வைத்தியர் பலரும் அவ்வாறே எண்ணினர்.

எண்ணுவதோடு நில்லாமல், அமெரிக்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து அரவிந்த் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்தனர். 323 நோயாளர் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எம்மருந்து என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. பழைய நற்றாமைசினைப் பெற்றோரே மூன்று மாதத்தின் பின் தெளிவாகக் கண்டனர். கண் துளைபட்டு மாற்றுப்படலம் பொருத்தவேண்டி வந்தவர்களும் அப்பிரிவிலேயே குறைவு. பூஞ்சணங்களில் கொடியதான பியுசேரியம் என்னும் இனத்திலே இவ்வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தது. வொரிகொனசோலை மாத்திரையாகவும் சேர்த்துக் கொடுத்தால் பயனுண்டா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் நடத்திய அடுத்த சோதனையும், 2016ஆம் ஆண்டில், பொதுவாகப் பயனில்லை என்றே விடை தந்தது.

இதிலிருந்து நாம் பெறும் செய்தி மிக முக்கியமானது என்பது எம் கருத்து. மருந்து உட்புகுவது ஒன்று. புகுந்த இடத்திலே பகையைக் கொல்வது வேறொன்று. நற்றாமைசின் புண்ணின் மேல் வெண்மாப் போல் படிந்து கிடந்து, புண்பட்டுக் காவல் அழிந்த அவ்விடத்திலேயே தன் வேலையைச் செய்கின்றது. பரிசோதனைச் சாலையின் கணக்கு, மதுரை உழவரின் கண்ணிலே பலிக்கவில்லை. புதியது, விலை உயர்ந்தது, ஆழச் செல்வது என்ற பெயரால் மருந்தை மாற்றியிருந்தால் எத்தனை கண்கள் போயிருக்கும்!

மருந்து தோற்ற கண்ணுக்கு இறுதி வழி, இறந்தவர் ஈந்த விழிவெண்படலத்தைப் பொருத்துவதே. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964 முதல் கடல் கடந்தும் கண்களை அனுப்பி வருகின்றது. பச்சிலை பலிக்காதபோது கண்ணப்பர் கண்ட வழியை இத்தீவு மக்கள் பெருமளவில் மேற்கொண்டனர் எனலாம்.

இதுவரை சொன்னது கண்ணின் முன்புறம். பின்சுவரிலுள்ள விழித்திரையின் கதை வேறு. அங்கே துளி மருந்து எட்டுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மாத்திரையாக விழுங்கினாலும், மூளைக்கு உள்ளதைப் போன்ற காவல் விழித்திரையின் இரத்தக் குழாய்களிலும் இருப்பதால், மருந்தின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். நீரிழிவு புகாத வீடு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அரிதாகிவிட்ட இக்காலத்தில், அந்நோயால் விழித்திரை கசிந்து வீங்குவது குடும்பங்களின் கவலையாகிவிட்டது. இதற்கு வைத்தியர் கண்ட வழி ஊசி. பெயரைக் கேட்டாலே உடல் கூசும். ஆனால் மரக்கச் செய்தபின், வெள்ளை விழியின் குறித்த ஓரிடத்தில் மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்துவது சில விநாடி வேலை. செலுத்தும் அளவு எவ்வளவு தெரியுமா? 50 மைக்ரோலீற்றர், ஒரு துளி! மேலே விட்டால் கன்னத்தில் வழியும் அதே அளவு, உள்ளே சென்றால் ஒரு மாதம் வேலை செய்கின்றது.

குடற் புற்றுநோய்க்கென வந்த பெவசிசுமாப் என்னும் மருந்தை 2005ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பிலிப் ரோசன்பெல்ட் கண்ணில் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டு, கண்ணுக்கென்றே செய்த ரனிபிசுமாப் பெரும் விலையில் வந்தது. முதுமையால் விழித்திரை கெடும் நோயில் இரண்டையும் ஒப்பிட்ட பெருஞ்சோதனை 2011ஆம் ஆண்டில், பார்வையைக் காப்பதில் இரண்டும் சமமே என்று காட்டியது. அப்போது அமெரிக்காவில் ஒன்றின் விலை ஏறத்தாழ 50 டொலராகவும், மற்றதன் விலை ஏறத்தாழ 2,000 டொலராகவும் இருந்தது. பெரிய குப்பியிலுள்ள மலிவு மருந்தைச் சிறு ஊசிகளாகப் பிரிக்கும்போது கிருமி கலந்துவிடலாம் என்ற அச்சம் மட்டும் இருந்துகொண்டே இருக்கின்றது. அப்படிக் கலந்து பலர் பார்வையிழந்த நிகழ்ச்சிகளும் உண்டு.

மாதந்தோறும் ஊசியென்றால் யாருக்கும் சலிப்புத் தட்டும். ஆகவே அரிசிமணி அளவான சிறு கொள்கலத்தைக் கண்சுவரில் பதித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து நிரப்பும் முறையை 2021ஆம் ஆண்டில் அமெரிக்கா அங்கீகரித்தது. மறு ஆண்டே அதன் மூடியில் குறை காணப்பட்டுத் திருப்பி அழைக்கப்பட்டது. திருத்தப்பட்டு 2024ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. கண்ணுக்குள் கரைந்துபோகும் மருந்துக் குச்சிகள், ஒவ்வாமைக்கு மருந்து பூசிய ஒட்டுவில்லைகள் என வேறும் பல உள. அவை நம் ஊர்ப் பொது வைத்தியசாலை வாசலுக்கு வர நாளாகும். கையிலுள்ள துளிப் போத்தலைப் பற்றி அறிவதே இப்போது நமக்குப் பயன்.

அப்போத்தலைப் பற்றிய கவலை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை அகற்றிக்கொண்ட சிலருக்குப் பார்வைக் கேடு நேர்ந்தது. இந்தியாவிலிருந்து தருவித்த பிரெட்னிசொலோன் துளி மருந்தின்மீது ஐயம் எழவே, அது பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், சென்னைக்கு அருகே செய்யப்பட்ட செயற்கைக் கண்ணீர்த் துளியால் அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேர் கொடிய கிருமித் தொற்றுக்கு ஆளாயினர். 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் கண்ணை அகற்றவேண்டி வந்தது, நால்வர் இறந்தனர். பல நாள் பாவிக்கும் அப்போத்தலில் கிருமியைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. அப்பொருளைச் சேர்த்தால் ஆண்டுக்கணக்கில் மருந்து விடுவோரின் விழி வறண்டு சிவக்கும். சேர்க்காவிட்டால் தொழிற்சாலையின் தூய்மையில் எள்ளளவும் பிசகக்கூடாது. கண்ணின் காவலைக் கடக்க மருந்து செய்வோர், கண் இழக்கும் காவலுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கின்றனர். அரசின் பரிசோதனை இதிலே சடங்காக இருத்தல் பெருங்கொடுமை.

வீட்டிலே மருந்து விடுவோர் செய்யக்கூடியவை சில உண்டு. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கலங்கலான மருந்தாயின் குலுக்குக. தலையை அண்ணாந்து, கீழிமையைச் சிறிது இழுத்து, அங்கே உண்டாகும் குழியிலே ஒரு துளி விடுக. போத்தலின் நுனி இமையிலோ மயிரிலோ படலாகாது. இரண்டு துளி விட்டால் இரட்டைப் பயன் என்று எண்ணுவது வீண். இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போகும். வேறு மருந்தும் விடவேண்டுமாயின் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்திருக்க. துளி விட்டதும் இமைத்துக்கொண்டிராமல் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க. மூக்குக் கால்வாய் அடைபடுவதால் மருந்து கண்ணில் கூடுதலாகத் தங்கும், தொண்டைக் கசப்பும் குறையும், இதயத்துக்குச் செல்வதும் குறையும். செலவில்லாத இந்த ஓர் உபாயம் விலையுயர்ந்த பல கண்டுபிடிப்புக்கு ஈடானது. திறந்த போத்தலை நான்கு கிழமைக்கு மேல் பொதுவாக வைத்திருத்தல் ஆகாது. திறந்த திகதியை அதன்மேல் எழுதிவிடுக. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றைப் பாட்டிமார் அன்போடு பரிந்துரைப்பர். புண்பட்ட கண்ணில் அவற்றை விடுவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். அன்பை ஏற்று, சாற்றைத் தவிர்க்க.

கை நடுங்கும் முதியோருக்கும், கண்ணைத் திறக்க மறுக்கும் குழந்தைக்கும் வேறொரு வழி உண்டு. மல்லாந்து படுக்கச் செய்து, கண்ணை மூடியிருக்கும்போதே மூக்கோரத்துப் பள்ளத்தில் ஒரு துளியை இடுக. பின்னர் கண்ணைத் திறக்கச் சொன்னால், மருந்து தானே உள்ளே இறங்கிவிடும்.